காயத்துக்கும் கிருமித்தொற்றுக்கும் மூலிகைச் சேர்மங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்தியல் மாணவர்களுக்கு மூலிகை வேதியியல் சொல்லித் தருவது என் வேலை. வகுப்பிலும் வெளியிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். செடிகளில் உள்ள சேர்மங்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அதனால்தான் எது நிரூபணமானது, எது இன்னும் ஆய்வகத்தோடு நிற்கிறது என்று பிரித்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

செடிக்குள் கிருமியைக் கொல்லும் பொருள் எதற்காக இருக்கிறது?

செடியால் ஓடி ஒளிய முடியாது. பூஞ்சை, பாக்டீரியா, பூச்சி, மேய வரும் விலங்கு என்று எது வந்தாலும் நின்ற இடத்திலேயே சமாளிக்க வேண்டும். அதற்காக அது ஆயிரக்கணக்கான சேர்மங்களைத் தயாரிக்கிறது: ஆல்கலாய்டுகள், டெர்பீன்கள், ஃபீனால்கள், டானின்கள், கந்தகச் சேர்மங்கள். சில எப்போதும் இலையிலும் பட்டையிலும் இருக்கும். சில, தாக்குதல் நடந்த பிறகுதான் அந்த இடத்தில் உருவாகும். பூஞ்சை தொற்றும்போது திராட்சைக் கொடி உண்டாக்கும் ரெஸ்வெரட்ரால் இரண்டாவது வகை.

இவையெல்லாம் செடியின் தேவைக்காக உருவானவை. நம் உடம்புக்கு ஒத்துப்போகுமா என்பது தனியாகப் பார்க்க வேண்டிய விஷயம். கிருமியின் சவ்வைக் கிழிக்கும் பொருள் நம் செல்லின் சவ்வையும் கிழிக்கலாம்.

ஒரு மூலிகைச் சாறு கிருமியைக் கொல்வதாக ஆய்வில் காட்டிவிட்டார்கள். அப்படியானால் அது மருந்துதானே?

இதுதான் எனக்கு அதிகம் வரும் கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த ஆய்வு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். அகார் கூழ் ஊற்றிய வட்டத் தட்டில் பாக்டீரியாவைப் பஞ்சுக் குச்சியால் சீராகத் தடவுவார்கள். மூலிகைச் சாற்றில் நனைத்த ஒரு சிறு வடிதாள் வில்லையை அதன்மேல் வைப்பார்கள். 37 டிகிரி செல்சியஸில் ஓர் இரவு விட்டால், மறுநாள் தட்டு முழுக்கப் பாக்டீரியா மங்கலான படலமாக வளர்ந்திருக்கும். வில்லையைச் சுற்றி மட்டும் கண்ணாடி போலத் தெளிந்த ஒரு வளையம் தெரியும். அந்த வளையத்தின் அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து குறித்துக்கொள்வார்கள். “கிருமியை அழிக்கும் மூலிகை” என்று வரும் செய்திகளில் நிறைய இந்த வளையத்தில்தான் தொடங்குகின்றன.

வளையம் பொய் சொல்வதில்லை. ஆனால் அது சொல்வது கொஞ்சம்தான். சேர்மம் அகாருக்குள் எவ்வளவு தூரம் பரவுகிறது என்பதைப் பொறுத்தும் வளையம் பெரிதாகும், சிறிதாகும். தண்ணீரில் கரையாத எண்ணெய்ச் சேர்மம் நல்ல வீரியம் இருந்தும் சின்ன வளையம் காட்டலாம். சாறு எடுக்கப் பயன்படுத்திய ஆல்கஹால் மிச்சமிருந்தால், கொன்றது அதுவாகவும் இருக்கலாம்.

இதைவிட முக்கியமானது அளவு. கிருமி வளராமல் தடுக்கத் தேவையான மிகக் குறைந்த செறிவை எப்போதும் கேட்டுப் பாருங்கள். அந்தக் கிருமிக்கு நன்றாக வேலை செய்யும் ஆன்டிபயாடிக் ஒன்றுக்கு இது பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு ஒன்றிரண்டு மைக்ரோகிராம், சில சமயம் அதற்கும் கீழே. சுத்திகரிக்காத மூலிகைச் சாறுகளுக்கு அது சில நூறு, சில ஆயிரம் மைக்ரோகிராம் வரை போகும். அவ்வளவு செறிவை இரத்தத்தில் கொண்டுவருவது பெரும்பாலும் நடக்காத காரியம். குடல் உறிஞ்ச வேண்டும், கல்லீரல் உடைக்காமல் விட வேண்டும், இரத்தப் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளாமல் தொற்று உள்ள இடம்வரை போய்ச் சேர வேண்டும். வழியில் நம் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கக் கூடாது. தட்டிலே கிருமியைக் கொல்வது பிளீச்சிங் திரவத்துக்கும் முடியும்.

அப்படியென்றால் செடியிலிருந்து உண்மையான தொற்று மருந்து எதுவும் வந்ததே இல்லையா?

வந்திருக்கிறது, அதுவும் கோடிக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றிய மருந்துகள். சின்கோனா மரப்பட்டையிலிருந்து பெல்லத்தியேவும் கவான்தூவும் 1820-இல் குயினைனைப் பிரித்தெடுத்தார்கள். மலேரியாவுக்கு நீண்ட காலம் அதுவே முதன்மை மருந்து. இபெக்காக் செடியின் வேரிலிருந்து கிடைத்த எமெட்டின் அமீபா வயிற்றுக்கடுப்புக்குப் பயன்பட்டது. இதயத்தைப் பாதிப்பதால் பிறகு ஒதுக்கப்பட்டது.

எனக்கு மிகவும் பிடித்த கதை ஆர்ட்டெமிசினின். சீனாவில் 1967-இல் மலேரியா மருந்து தேடி 523 என்ற ரகசியத் திட்டம் தொடங்கியது. 1969-இல் அதில் சேர்ந்த தூ யூயூவின் குழு ஆர்ட்டெமிசியா அன்னுவா செடியின் சாற்றைச் சோதித்தது. ஒருமுறை வேலை செய்தது, மறுமுறை செய்யவில்லை. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கே ஹோங் எழுதிய மருத்துவக் குறிப்பை அவர் மறுபடி படித்தபோது, செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கும்படி அதில் இருந்ததைக் கவனித்தார். கொதிக்க வைக்கச் சொல்லவில்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று யோசித்து, சுமார் 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈதரைக் கொண்டு சாறு எடுத்தார். 1971 அக்டோபரில் 191-ஆம் எண் மாதிரி, மலேரியா பிடித்த எலிகளில் ஒட்டுண்ணியை முழுவதுமாக ஒழித்தது. அடுத்த ஆண்டு, நோயாளிகளுக்குக் கொடுக்கும் முன் அவரும் சக ஆய்வாளர்களும் அந்தச் சாற்றைத் தாங்களே உட்கொண்டு பார்த்தார்கள். 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பழைய ஏட்டில் இருந்தது ஒரு குறிப்பு. அதை மருந்தாக்கியது சரியான கரைப்பான், சரியான வெப்பநிலை, விலங்குச் சோதனை, மனிதச் சோதனை, அளவு நிர்ணயம் என்று வரிசையாக நடந்த வேலை. அதே செடியைத் தேநீராகப் போட்டு மலேரியாவுக்குக் குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் ஏற்கவில்லை. சேர்மம் தண்ணீரில் சரியாகக் கரையாது, ஒவ்வொரு கோப்பையிலும் அளவு மாறும். போதுமான அளவு மருந்து உள்ளே போகாவிட்டால் ஒட்டுண்ணி சாகாமல் பழகிக்கொள்ளும்.

சரி, பென்சிலின் மாதிரி ஒரு பாக்டீரியா மருந்து ஏன் செடியிலிருந்து வரவில்லை?

பென்சிலின் பூஞ்சையிலிருந்து வந்தது, ஸ்ட்ரெப்டோமைசின் மண் பாக்டீரியாவிலிருந்து. மண்ணில் ஒன்றோடொன்று போட்டிபோடும் நுண்ணுயிர்கள் எதிரியைச் சிறு அளவிலேயே வீழ்த்தும் ஆயுதங்களை வைத்திருக்கின்றன. செடி வேறு விதமாகப் போராடுகிறது. ஒரே பெரிய ஆயுதத்தை நம்பாமல், தனித்தனியாகப் பார்த்தால் பலவீனமான பலவற்றைச் சேர்த்து இறக்குகிறது.

இதற்கு 2000-இல் வெளியான ஒரு கண்டுபிடிப்பு அருமையான உதாரணம். பெர்பெரிஸ் இனச் செடிகளில் பெர்பெரின் என்ற மஞ்சள் நிற ஆல்கலாய்டு உண்டு. தோலிலும் காயத்திலும் தொற்று உண்டாக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவுக்கு எதிராக அது தனியாக அவ்வளவு வலுவானதில்லை, ஏனென்றால் கிருமி தன் சவ்வில் உள்ள நோர்ஏ என்ற பம்பைக் கொண்டு உள்ளே வந்த பெர்பெரினை உடனுக்குடன் வெளியேற்றிவிடுகிறது. அதே செடியில் மெத்தாக்ஸிஹிட்னோகார்பின் என்று இன்னொரு சேர்மம் இருந்தது. தனியாக அது கிருமியை ஒன்றும் செய்யாது. ஆனால் அந்தப் பம்பை அடைத்துவிடும். இரண்டும் சேர்ந்தால் பெர்பெரின் உள்ளேயே தங்கிக் கிருமியைக் கொல்கிறது.

அப்புறம், ஈ கோலை, சூடோமோனாஸ் போன்ற கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவுக்குக் கூடுதலாக ஒரு வெளிச்சவ்வு இருக்கிறது, வலுவான பம்புகளும் இருக்கின்றன. பெரும்பாலான செடிச் சேர்மங்கள் அங்கே தோற்றுப்போகின்றன.

பூண்டு?

தோலுரித்த முழுப் பல்லை முகர்ந்து பாருங்கள், வாசனை லேசாகத்தான் இருக்கும். நசுக்கிய நொடியில் காரமான வாடை மூக்கில் ஏறும். அந்த நொடியில் ஒரு வேதிவினை நடந்துவிட்டது. அல்லின் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் பல்லுக்குள் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. செல்கள் உடைந்ததும் இரண்டும் கலந்து அல்லிசின் உருவாகிறது. 1944-இல் கவல்லிட்டோவும் பெய்லியும் இதைப் பிரித்தெடுத்தார்கள். கிருமியின் நொதிகளில் உள்ள கந்தக-ஹைட்ரஜன் தொகுதிகளோடு அல்லிசின் ஒட்டிக்கொண்டு அவற்றை முடக்குகிறது. நசுக்குவதற்கு முன்பே சூடாக்கிவிட்டால் நொதி செத்துவிடும், அல்லிசினே உருவாகாது.

வீரியம் இருக்கிறது, ஆனால் நிலைக்காது. அல்லிசின் சீக்கிரமே வேறு சேர்மங்களாக மாறிவிடும். விழுங்கினாலும் அப்படியே இரத்தத்தில் போய்ச் சேராது. ஆகவே உள்ளே இருக்கும் தொற்றுக்குப் பூண்டு மருந்தாகாது. பச்சைப் பூண்டை அரைத்துத் தோலில் கட்டுவது இன்னும் மோசம். கொப்புளம் எழும் அளவுக்கு ரசாயனத் தீக்காயம் பட்டவர்கள் பற்றி மருத்துவ இதழ்களில் பல பதிவுகள் உண்டு. குழந்தைகளின் தோலுக்கு ஆபத்து அதிகம்.

ஆய்வாகப் பார்த்தால் பூண்டு இன்னும் சுவாரசியமானதுதான். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் 2015-இல், பழைய ஆங்கிலோ-சாக்சன் ஏட்டில் இருந்த ஒரு கண் மருந்தை அப்படியே செய்து பார்த்தார்கள். பூண்டு, வெங்காய இனத்தில் இன்னொன்று, ஒயின், மாட்டின் பித்தநீர். எல்லாவற்றையும் கலந்து ஒன்பது நாள் வைக்க வேண்டும். மெதிசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ் கூட்டமாக ஒட்டிக்கொண்டு கட்டிய பிசின் போன்ற உயிர்ப்படலத்தையும் அந்தக் கலவை அழித்தது. பிறகு நடந்த ஆய்வில், ஒரு பொருளை விட்டாலும் அந்த உயிர்ப்படலத்தை அழிக்கும் திறன் போய்விடுவது தெரிந்தது. அல்லிசின் மட்டும் இருந்தால் போதவில்லை.

மஞ்சள் கிருமிநாசினி என்கிறார்களே?

தட்டில் அப்படித்தான் தெரிகிறது. அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மஞ்சளின் முக்கியச் சேர்மமான குர்குமின் தானே ஒளிரும் மஞ்சள் சாயம், சீக்கிரம் சிதையும், கண்ட புரதத்தோடெல்லாம் ஒட்டிக்கொள்ளும். நிறத்தையும் ஒளியையும் வைத்து அளக்கும் பல சோதனைகளில், உண்மையான விளைவு இல்லாமலே விளைவு இருப்பது போலக் காட்டிவிடும். 2017-இல் மருந்து வேதியியலாளர்கள் சிலர் குர்குமின் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து எழுதினார்கள். ஆயிரக்கணக்கான கட்டுரைகளும் 120-க்கு மேற்பட்ட மனிதச் சோதனைகளும் இருந்தும், உறுதியான வெற்றி ஒன்றுகூட இல்லை என்பது அவர்கள் முடிவு. வாய்வழியாகப் பல கிராம் எடுத்தாலும் இரத்தத்தில் மிகக் குறைவாகத்தான் தெரிகிறது.

காயத்தின் மேல் பூசுவது வேறு விஷயம். அங்கே குடலும் கல்லீரலும் குறுக்கே வராது. விலங்குகளில் வீக்கம் குறைந்து, தோலுக்கு வலுத்தரும் புரதமான கொலாஜன் கூடுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் மனிதர்களில் நடந்த பெரிய, நல்ல சோதனைகள் போதாது. மஞ்சளின் காயம் ஆற்றும் குணத்துக்கு அமெரிக்காவில் 1995-இல் கொடுத்த காப்புரிமை, இந்தியாவின் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழுமம் எதிர்த்ததால் 1997-இல் ரத்தானது. அதை வைத்து “அமெரிக்காவே ஒப்புக்கொண்டுவிட்டது” என்று எழுதுகிறார்கள். அந்த வழக்கில் முடிவானது இது புதிய கண்டுபிடிப்பு இல்லை என்பது மட்டும்தான். எவ்வளவு ஆற்றும் என்று அங்கே யாரும் அளக்கவில்லை.

கடைத் தூளைத் திறந்த காயத்தில் போடாதீர்கள். அது கிருமி நீக்கியது இல்லை. நிறத்துக்காக ஈயக் குரோமேட் கலந்த மஞ்சளும் பிடிபட்டிருக்கிறது.

கிருமி செத்துவிட்டால் காயம் தானாக ஆறிவிடும், இல்லையா?

சின்னக் காயம் ஆறும். ஆனால் ஆறுவது தனி வேலை. முதலில் இரத்தம் உறைய வேண்டும். அடுத்த சில நாள் வெள்ளணுக்கள் வந்து கிருமியையும் செத்த திசுவையும் அகற்றும், அதுதான் சிவப்பும் வீக்கமும். பிறகு ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் கொலாஜன் நெய்யும், புது இரத்தக் குழாய்கள் முளைக்கும், ஓரத்திலிருந்து தோல் மூடிக்கொண்டு வரும். அதற்கப்புறம் மாதக் கணக்கில் தழும்பு தன்னைச் சீரமைத்துக்கொண்டே இருக்கும். அப்படியும் பழைய தோலின் வலுவில் சுமார் 80 சதவீதம்தான் திரும்பக் கிடைக்கும்.

கடுமையான கிருமிநாசினியைத் தினமும் ஊற்றினால் நெய்கிற செல்களும் சேர்ந்து சாகும். மூலிகை எண்ணெய்களுக்கும் இதே விதிதான். கிருமியை எவ்வளவு கொல்கிறது என்று கேட்கும்போதே, ஃபைப்ரோபிளாஸ்டை எவ்வளவு விட்டுவைக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

காயத்துக்கு உண்மையிலேயே மருந்தாக அங்கீகாரம் பெற்ற செடிப்பொருள் ஏதாவது உண்டா?

உண்டு, இதைச் சொல்லும்போது எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது.

பிர்ச் மரப்பட்டையில் பெட்டுலின் முதலான டிரைடெர்பீன்கள் நிறைய. அந்தச் சாற்றைச் சூரியகாந்தி எண்ணெயில் கூழாக்கிச் செய்த ஃபில்சுவெஸ் என்ற மருந்தை ஐரோப்பா 2022-இலும் அமெரிக்கா 2023-இலும் அனுமதித்தன. தொட்டாலே தோல் உரிந்து கொப்புளமாகும் எபிடெர்மோலிசிஸ் புல்லோசா என்ற பரம்பரை நோயுள்ளவர்களுக்கு அது. 223 பேரிடம் நடந்த சோதனையில், 45 நாளுக்குள் குறித்த காயம் முழுவதும் மூடியவர்கள் மருந்துக் கூழ் பூசியவர்களில் 41.3 சதவீதம், மருந்தில்லாத கூழ் பூசியவர்களில் 28.9 சதவீதம். அற்புதம் என்று சொல்ல முடியாது. ஆனால் வாழ்நாள் முழுக்கக் கட்டுப்போட்டுக்கொண்டு வாழ்பவருக்கு அந்த வித்தியாசம் பெரிது.

இன்னொன்று அன்னாசித் தண்டிலிருந்து எடுக்கும் புரோமெலைன் நொதிகள். நெக்ஸோபிரிட் என்ற பெயரில் ஐரோப்பா 2012-இலும் அமெரிக்கா 2022-இலும் அனுமதித்தன. ஆழமான தீக்காயத்தில் செத்துக் கருகிய தோலை இது நான்கு மணி நேரத்தில் கரைத்தெடுக்கிறது, உயிருள்ள திசுவைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. கத்தி வைத்துச் சீவும் வேலை குறைகிறது. மருத்துவமனையில் வலி மருந்து கொடுத்துத்தான் செய்வார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் அன்னாசியையோ பப்பாளியையோ அரைத்துத் தீக்காயத்தில் வைக்க வேண்டாம். பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் பப்பைன் களிம்புகள் கடும் ஒவ்வாமை உண்டாக்கியதால், அனுமதி பெறாத அந்தக் களிம்புகளை விற்பதை அமெரிக்கா 2008-இல் நிறுத்தச் சொன்னது.

வல்லாரையையும் சொல்ல வேண்டும். அதிலுள்ள ஏசியாட்டிகோசைடு, மேடகாசோசைடு ஆகியவை ஃபைப்ரோபிளாஸ்ட்டைத் தூண்டிக் கொலாஜன் தயாரிக்க வைக்கின்றன. இந்தச் சேர்மங்களை அளந்து சேர்த்த களிம்புகள் பல நாடுகளில் காயத்துக்கும் தழும்புக்கும் பயன்படுகின்றன. மனிதச் சோதனைகள் இருக்கின்றன, ஆனால் சிறியவை.

தேன்?

தேனீ உறிஞ்சும் பூந்தேன் செடியுடையது என்பதால் இங்கே சேர்க்கிறேன். தேனில் தண்ணீர் குறைவு, சர்க்கரை அதிகம், அமிலத்தன்மையும் உண்டு. காயத்து ஈரம் பட்டதும் தேனீயின் நொதி ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாக்குகிறது. மனுகா என்ற செடியின் பூவிலிருந்து வரும் தேனில் இன்னொரு வழி: அந்தச் செடியின் பூவில் உள்ள டைஹைட்ராக்ஸிஅசிட்டோன் நாளடைவில் மெத்தில்கிளையாக்சலாக மாறிக் கிருமியைக் கொல்கிறது. பல சோதனைகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2015 மறுஆய்வு, மேலோட்டத்தைத் தாண்டிய ஆனால் முழு ஆழமில்லாத தீக்காயங்களில் வழக்கமான கட்டுகளைவிடத் தேன் விரைவாக ஆற்றுவதாகச் சொன்னது. மற்றப் பல வகைப் புண்களுக்கு அப்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காயத்துக்கு என்றே காமா கதிரால் கிருமி நீக்கிய தேன் கிடைக்கிறது. சாப்பிடும் தேனில் பாட்டுலிசம் என்ற நச்சு நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கலாம்.

கற்றாழை தீக்காயத்துக்கு நல்லதா?

சிறு தீக்காயத்துக்கு, ஆம், ஓரளவு ஆதாரம் உண்டு. 2007-இல் நான்கு சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கற்றாழை பூசியவர்களுக்கு ஏறக்குறைய ஒன்பது நாள் முன்னதாக ஆறியிருந்தது. ஆனால் அந்தச் சோதனைகள் சிறியவை. மறுபக்கம், திறந்திருந்த அறுவைசிகிச்சைக் காயங்களில் 1991-இல் வந்த ஓர் ஆய்வில் வழக்கமான பராமரிப்பில் சராசரி 53 நாளில் ஆறியது, கற்றாழைக் கூழ் வைத்தவர்களுக்கு 83 நாள் ஆனது. ஆழமான காயத்தில் வைக்காதீர்கள்.

இலையை வெட்டும்போது தோலுக்கு அடியில் கசியும் மஞ்சள் பால் வேறு, உள்ளே இருக்கும் நிறமற்ற சோறு வேறு. மஞ்சள் பாலில் உள்ள அலோயின் தோலை உறுத்தும், உள்ளே போனால் பேதியாகும். கழுவி வடியவிட்ட பிறகுதான் சோற்றை எடுக்க வேண்டும்.

வெட்டுக்காயப் பூண்டு, குப்பைமேனி, வேப்பிலை. பறித்துக் கசக்கி வைத்தால் என்ன?

வெட்டுக்காயப் பூண்டு பற்றி எலிகளில் நம்பிக்கை தரும் ஆய்வுகள் உண்டு. வேம்பிலுள்ள நிம்பிடின் வீக்கத்தைக் குறைக்கிறது. பிரச்சினை சேர்மத்தில் இல்லை, இலையில் ஒட்டியிருக்கும் மண்ணில் இருக்கிறது. டெட்டனஸ் கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். இலைச்சாறு அவற்றைக் கொல்லாது. ஆழமான காயத்துக்குள் காற்றில்லாத இடம் கிடைத்தால் அவை முளைக்கும்.

குப்பைமேனியை உட்கொண்ட பிறகு, ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்த சம்பவங்கள் பதிவாகியுள்ளன. வேப்பெண்ணெயைக் கைக்குழந்தைக்கு வாயில் ஊற்றுவதும் கூடாது. வலிப்பும் மூளை, கல்லீரல் பாதிப்பும் வந்து குழந்தைகள் இறந்திருக்கிறார்கள்.

டீ ட்ரீ எண்ணெய், கிராம்பெண்ணெய், ஓம எண்ணெய் இவையெல்லாம்?

இவற்றில் டெர்பினென்-4-ஆல், யூஜினால், தைமால் ஆகியவை முறையே முக்கியச் சேர்மங்கள். மூன்றும் கிருமியின் சவ்வைக் குலைப்பவை. நீர்த்த அளவில், தோலின் மேலோ வாயிலோ, இவை நன்றாகவே பயன்படுகின்றன. தைமால் வாய் கொப்பளிக்கும் திரவங்களில் இருக்கிறது. யூஜினாலைத் துத்தநாக ஆக்சைடோடு குழைத்துப் பல் மருத்துவர்கள் தற்காலிக அடைப்பாக வைக்கிறார்கள். 5 சதவீத டீ ட்ரீ ஜெல் முகப்பருவுக்கு மெதுவாக ஆனாலும் வேலை செய்வதாக 1990-இல் ஒரு சோதனை காட்டியது. நீர்க்காத எண்ணெயைத் திறந்த காயத்தில் விட வேண்டாம். காற்றுப்பட்டுப் பழசான டீ ட்ரீ எண்ணெய் ஒவ்வாமையை அதிகம் கிளப்பும். விழுங்கினால் நஞ்சு.

துவர்ப்புள்ள பட்டைகள் புண்ணை ஆற்றும் என்பது?

துவர்ப்பு டானினால் வருவது. டானின் புரதத்தை உறையவைத்து மேற்பரப்பில் ஒரு படலம் போடும். 1925-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் எட்வர்ட் டேவிட்சன் தீக்காயத்துக்கு டானிக் அமிலம் பூசத் தொடங்கினார். உலகெங்கும் அது பரவியது. 1940-களில்தான் உறிஞ்சப்பட்ட டானின் கல்லீரலைக் கெடுப்பது தெரியவந்து கைவிட்டார்கள். வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிப்பது சரி, பெரிய தீக்காயத்தில் பூசுவது ஆபத்து.

சிறுநீர்த் தொற்றுக்குக் கிரான்பெர்ரி குடிக்கலாமா?

வந்த தொற்றை அது தீர்க்காது, ஆன்டிபயாடிக் வேண்டும். திரும்பத் திரும்ப வருவதைத் தடுக்க உதவுகிறது. அதிலுள்ள ஏ-வகை புரோஆந்தோசயனிடின்கள், ஈ கோலை சிறுநீர்ப்பைச் சுவரில் ஒட்டிக்கொள்ளாமல் தடுப்பதாகக் கருதப்படுகிறது. 50 ஆய்வுகளைத் தொகுத்த 2023 காக்ரேன் மறுஆய்வில், அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்கு அபாயம் கால் பங்குக்குக் கொஞ்சம் மேலாகக் குறைந்தது. கொல்லாமல் ஒட்டவிடாமல் செய்வது என்பது நல்ல உத்தி. இந்தத் திசையில் செடிகளிடம் இன்னும் நிறையக் கற்க வேண்டியிருக்கிறது.

மருத்துவர் கொடுத்த மருந்தோடு மூலிகை மாத்திரையும் எடுக்கலாமா?

சொல்லிவிட்டு எடுங்கள். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையில் உள்ள ஹைப்பர்ஃபோரின் தட்டில் ஸ்டெஃபிலோகாக்கஸைச் சிறு அளவிலேயே தடுக்கும் சேர்மம். ஆனால் மாத்திரையாக விழுங்கினால் கல்லீரல் நொதிகளை முடுக்கிவிட்டு எச்ஐவி மருந்து, கருத்தடை மாத்திரை, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எல்லாவற்றையும் சீக்கிரம் வெளியேற்றிவிடும். பூண்டு மாத்திரை எடுத்தவர்களுக்குச் சாக்வினாவிர் என்ற எச்ஐவி மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறக்குறைய பாதியானது. பூண்டு இரத்தம் உறைவதையும் தாமதப்படுத்தும், அதனால் அறுவைசிகிச்சைக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

செடிச் சேர்மத்துக்குக் கிருமி பழகாது என்கிறார்களே?

பழகும். கம்போடியாவின் மேற்குப் பகுதியில் ஆர்ட்டெமிசினினுக்கு மலேரியா ஒட்டுண்ணி மெதுவாக மட்டுமே அடங்கத் தொடங்கியது. காரணமான கெல்ச்13 மரபணு மாற்றம் 2014-இல் அடையாளம் காணப்பட்டது. அதனால்தான் அதைத் தனியாகக் கொடுக்காமல் வேறொரு மருந்தோடு சேர்த்தே கொடுக்கிறார்கள்.

சர்க்கரை நோயாளியின் கால் புண்ணுக்கு மூலிகைக் களிம்பு?

முதலில் மருத்துவர். அந்தப் புண் ஆறாததற்குக் காரணம் இரத்த ஓட்டம், மரத்துப்போன நரம்பு, புண்ணின் மேல் விழும் உடல் எடை, கட்டுக்குள் வராத சர்க்கரை. இவற்றைச் சரிசெய்யாமல் எந்தக் களிம்பும் பலிக்காது. தாமதம் காலையே பறிக்கும்.

பொருள் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

செடியின் தாவரவியல் பெயர், எந்தப் பகுதி, முக்கியச் சேர்மம் எத்தனை சதவீதம், எதில் கரைத்து எடுத்தது, கிருமி நீக்கியதா. டைம் செடியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் தைமால் மிகுந்திருக்கும், பக்கத்துச் செடியில் லினலூல் மிகுந்திருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். சதவீதம் எழுதாத புட்டியில் எது இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

சரி, இப்போது கையில் ஒரு வெட்டு. என்ன செய்வது?

சுத்தமான துணியால் அழுத்தி இரத்தத்தை நிறுத்துங்கள். ஓடும் சுத்தமான தண்ணீரில் மண்ணும் தூசியும் போகக் கழுவுங்கள், சுற்றியுள்ள தோலுக்குச் சோப்பு போடலாம். ஈரம் காயாமல் வாசலின் தடவி மூடிக் கட்டுங்கள். டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டது என்று பாருங்கள். தீக்காயம் என்றால் குளிர்ந்த ஓடும் தண்ணீரில் 20 நிமிடம், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். நாயோ வேறு விலங்கோ கடித்தால் சோப்பும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே தடுப்பூசிக்குப் போங்கள், எந்த இலையும் எந்த எண்ணெயும் வேண்டாம். ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற வழியில்லை.

சிவப்பு பரவிக்கொண்டே போனால், காயத்திலிருந்து சிவப்புக் கோடு மேலே ஏறினால், சீழ், துர்நாற்றம், காய்ச்சல், கறுத்த தோல், நாளுக்கு நாள் கூடும் வலி இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே ஏதாவது மூலிகை பூசியிருந்தால் அதன் பெயரையும் மறைக்காமல் சொல்லுங்கள். முடிந்தால் புட்டியையோ செடியையோ கையோடு எடுத்துப் போங்கள்.